ஏஞ்சலுக்கு ஒரு வாய்

2003-ஆம் ஆண்டு, புனே பாணேரில் வீட்டைக் காலி செய்த ஒருவரிடமிருந்து மில்ட்ரெட் ஒரு பழைய மீன்தொட்டியை வாங்கினாள். இரண்டு கண்ணும் தெரியாத ஏஞ்சல் மீன் ஒன்றும் அதோடு வந்தது. துணைக்கு இருக்கட்டும் என்று அவள் கணவர் மனுவேல் ஆறு டைகர் பார்ப் மீன்களை வாங்கி விட்டார். அவை சேரவில்லை. தீனி உருண்டைகள் மூழ்குவதற்குள் பார்ப்கள் பறித்துக்கொண்டன. ஏஞ்சலின் துடுப்பையும் கடித்தன. எட்டே நாளில் அது இளைத்துவிட்டது.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் மனுவேல் பாலித்தீன் கவரை எடுத்தார்.

“கடையில குடுத்துடறேன்.”

“குருட்டு மீனை அவன் சாக்கடையில கொட்டிடுவான். அதுக்குப் பதிலா அந்த ஆறைக் கொண்டுபோங்க.”

“ஒண்ணுக்காக ஆறையா?”

“தொண்ணூத்தொன்பது ஆட்டை விட்டுட்டு, காணாமப்போன ஒண்ணைத் தேடிப் போனவரைத்தானே இப்ப கும்பிட்டுட்டு வந்தோம்?”

“பிரசங்கம் சர்ச்சோட முடிஞ்சுது, மில்ட்ரெட்.”

“சரி, ஒரு வாய் சாப்பிட்டுட்டாவது போகட்டும்.”

அவள் ஐந்து உருண்டைகளைப் போட்டாள்.

அவை பாதி ஆழம்வரை இறங்கி, தண்ணீரின் நடுவே ஓர் உள்ளங்கை அகலத்தில் ஒன்றாக நின்றன. பார்ப்கள் ஒரு சாண் தள்ளியே நின்றன. ஏஞ்சல் நேராக வந்து ஒவ்வொன்றாகத் தின்றது.

மனுவேல் கவரை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

தீனி தீர்ந்த பிறகும் ஏஞ்சல் அங்கேயே இருந்தது. அதன் உயர்ந்த முதுகுத் துடுப்பு, யாரோ தடவிக்கொடுப்பதுபோல், தலைப்பக்கத்திலிருந்து வால்வரை மெல்லப் படிந்தது, நிமிர்ந்தது. மறுபடியும் மெல்லப் படிந்தது.