கிணற்றடிக் கொடி

“வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா, இவர் பெரிய அதிகாரியா ரிட்டயர் ஆகியிருப்பார். மேலதிகாரிகிட்ட எகிறியிருப்பார். ரேஞ்சராவே நிறுத்திட்டாங்க.”

வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வதைத்தான் ரேஞ்சரின் மனைவி அன்றைக்கும் சொன்னாள். வந்திருந்தவள் ஆராய்ச்சி நிலையத்துப் பெண். மடியில் வனத்துறையின் பழைய ஃபைல்.

ரேஞ்சர் செய்தித்தாளுக்குப் பின்னால் போய்விட்டார்.

“சார், காட்டையே மூடிக்கிடக்கே அந்தக் கொடி, அதைக் கொல்ல ஒரு பூஞ்சை விட்டோம். பிடிக்கவே இல்லை.”

“மருந்தடிச்சுத் தொலைக்க வேண்டியதுதானே?”

“காப்புக்காடு சார். மத்த மரஞ்செடியும் சாகும். பூஞ்சை அந்தக் கொடியை மட்டும்தான் தொடும். ஆனா ரொம்பப் பிகு பண்ணும். கொடி எந்த ஊர் வகையோ, அந்த ஊர்ப் பூஞ்சைதான் அதுல பிடிக்கும். முதல் கொடி எங்கேருந்து வந்துச்சு?”

“நர்சரியில வாங்கி நான்தான் நட்டேன். அப்பவே எழுதிக் கொடுத்திருக்கேனே.”

“அந்த நர்சரி வகையை நம்பித்தான் சார் மூணு வருஷம் வீணாச்சு. இன்னொரு தடவை தோத்தா திட்டத்தையே மூடிடுவாங்க.”

நர்சரியா?

மனைவிக்குக் காட்டுக் குடியிருப்பின் கிணற்றடி கண்ணில் வந்து நின்றது. கல்யாணமாகி வந்த மாதம். டிரங்குப் பெட்டியில், ஈரத்துணி சுற்றிய ஒரு குச்சி. முதல் மழைக்கே ஊதாப்பூ. “நீ வந்த பிறகுதான்டி இந்தக் கிணத்துக்கே களை வந்திருக்கு” என்று சொன்ன மனிதர்.

கொடி சுவரேறிக் காட்டுக்குள் குதித்த பிறகு அவள் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அவரும் கேட்கவில்லை. ஆம்பிளைக்குச் செடி ஞாபகமா இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

“தப்பா எழுதியிருக்கார்மா.”

“நீ சும்மா இரு. உனக்கொண்ணும் தெரியாது.”

“நட்டவளுக்குத் தெரியாதா? எங்கப்பா கப்பல்ல சமையல்காரர். ஒரு தீவுல இறங்கினப்போ அம்மாவுக்குன்னு கொண்டு வந்தார். அம்மா வீட்டிலேருந்து நான் கொண்டு வந்தேன். காட்டைக் கெடுத்தவ நான்தான். எழுதிக்கோ.”

தீவின் பெயரைச் சொன்னாள். பேனா ஓடியது. அந்தப் பெண்ணின் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆயிற்று.

“போதும்மா! சரியான பூஞ்சையைத் தேடிடுவோம்.”

மனைவி அவர் கையிலிருந்த செய்தித்தாளைப் பிடுங்கினாள். “எதுக்கு இந்தப் பொய்? பெரிய சாதனைன்னு நினைப்பா?”

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஆராய்ச்சிக்காரி தயங்கினாள். “அம்மா… உங்களுக்குத் தெரியவே தெரியாதா?” ஃபைலின் அடுத்த பக்கத்தைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினாள்.

‘காப்புக்காட்டில் அயல்செடி நட்ட குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டதால், இவருக்கு இனிப் பதவி உயர்வு கிடையாது.’

நாற்பது வருஷமாக அந்த மனிதர் வாயை வைத்துக்கொண்டு சும்மாதான் இருந்திருக்கிறார்.