நூறாண்டு மரியாதை

“உட்காராதீங்கம்மா!”

அரங்கச் செயலாளர் பதறிக்கொண்டு ஓடி வந்தார். காலில் மாவுக்கட்டோடு பாதி குனிந்திருந்த பாடகியின் அம்மா, நாற்காலி முதுகின் நான்கு கறுப்புக் குறுக்குச் சட்டங்களில் ஒன்றைப் பிடித்துத் தடுமாறி நிமிர்ந்தார்.

“ஏன் தம்பி, யாராவது துண்டு போட்டு வெச்சிருக்காங்களா?”

“இன்னிக்கு அரங்கம் திறந்த நாள். வருஷா வருஷம் இந்த நாள்ல யாருமே உட்காரக் கூடாது.”

அம்மா சுற்றிலும் பார்த்தார். உண்மைதான். காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஊரே நின்றுகொண்டிருந்தது.

“கால் உடைஞ்சிருக்குப்பா. கச்சேரி முழுக்க எப்படி நிக்கிறது?”

“வெளியே கூடத்துல பெஞ்சு இருக்கு. வாங்க.”

“அங்கே பாட்டு கேக்குமா?”

“கதவைச் சாத்திடுவோம்மா.”

“என் பொண்ணுக்கு இதான் முதல் மேடை!”

செயலாளர் காதில் அது விழவில்லை. கைத்தாங்கலாக அம்மாவை வெளியே கூட்டி வந்தவர், கூடத்துச் சுவரில் இருந்த பெரிய புகைப்படத்தைக் காட்டினார். குரலில் பெருமை வழிந்தது.

“நூறு வருஷத்துக்கு முன்னாடி, முதல் கச்சேரி. உட்கார்ந்த வேகத்துல மொத்தக் கூட்டமும் எழுந்திருச்சிட்டாங்க. கடைசிவரைக்கும் ஒருத்தர்கூட உட்காரலை. அப்படி ஒரு மரியாதை! அதை நாங்க இன்னிவரைக்கும் காப்பாத்திட்டு வர்றோம்.”

மாடியிலிருந்து எடுத்த படம். வரிசை வரிசையாக முதுகுகள். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் போய்ப் பார்த்தார்.

“எல்லாரும் வெள்ளைச் சட்டை. முதுகுல மட்டும் குறுக்கே நாலு கறுப்புப் பட்டை. அது என்ன?”

“அந்தக் காலத்து நாகரிகம்மா. பெரிய மனுஷங்க அப்படித்தான் உடுத்துவாங்க.”

“பொம்பளைங்களுமா?”

“அவங்களும்தான்” என்றார் செயலாளர், கொஞ்சமும் யோசிக்காமல்.

உள்ளே திரை விலகும் சத்தம் கேட்டது. கைதட்டல் எழுந்து அடங்கியது. மகளின் குரல் மெல்லச் சுருதியைத் தொட்டுப் பார்த்தது.

செயலாளர் கதவைச் சாத்தப் போனார். இடுக்கில் ஊன்றுகோலை நுழைத்துத் தடுத்தார் அம்மா.

“நூறு வருஷமாச்சே தம்பி, பெயிண்ட் இந்நேரம் காய்ஞ்சிருக்கும். நான் போய் உட்காரட்டுமா?”