கிழிந்த காது

"மூச்சு இருக்கான்னு பாக்குறியாம்மா?" என்று கேட்டாள் கமலவேணி.

கார்குழலி சட்டென்று நிமிர்ந்தாள். அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சாய்வு நாற்காலியில், கழுத்துவரை போர்வையோடு கிடந்த கிழவரின் கண்கள் பாதி திறந்திருந்தன. இமை அசையவில்லை. போர்வையும் ஏறி இறங்கவில்லை.

புதுச்சேரியில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள் ஓய்வூதியத்துக்காக ஆண்டுக்கொரு முறை தாங்கள் உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும். நடக்க முடியாதவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்துச் சான்று எழுதுவது கார்குழலியின் வேலை. போன வருடம் ஒரு வீட்டில், ஐயா உள்ளே தூங்குகிறார் என்றார்கள். கொடுத்த மோரைக் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். ஐயா இறந்து மூன்று மாதமாகியிருந்தது. இன்னொரு தவறு நடந்தால் வேலை இருக்காது என்று அலுவலகத்தில் எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து அவளால் யாரையும் நம்ப முடியவில்லை. பால்காரர் சிரித்தால்கூட ஏன் சிரிக்கிறார் என்று யோசித்தாள். இப்படி ஒருத்தி தனக்குள் இவ்வளவு நாள் இருந்திருக்கிறாள் என்பது அவளுக்கே பிடிக்கவில்லை.

இந்த வீட்டிலும் எல்லாமே உறுத்தியது. விலாசம் புதிது. போன மாதம்தான் உழவர்கரைக்குக் குடிவந்தார்களாம். பழைய வீட்டில் மாடிப்படி ஏற இவரால் முடியவில்லை என்றாள் கமலவேணி. கேட்பதற்கு முன்பே பதில் வந்ததும் உறுத்தியது.

கோப்பைத் திறந்து, ஓய்வூதியம் வாங்கும் கமலவேணியின் கணவர் ராமலிங்கத்தின் போட்டோவை எடுத்தாள். அதற்கு முன் நாடியைப் பார்த்துவிடலாம் என்று கிழவரின் மணிக்கட்டைத் தொட்டாள். கை சில்லென்று இருந்தது.

"அம்மா, இவரு..."

கிழவர் விறைப்பாக எழுந்து உட்கார்ந்தார். "என்னைத் தூக்குல போட்ட ஜட்ஜ் எங்கடா?" என்றார்.

கோப்பும் போட்டோவும் கீழே விழுந்து தாள்கள் சிதறின.

"என்னங்க, சும்மா இருக்க மாட்டீங்களா? வந்த பொண்ணு பயந்துடுச்சு பாருங்க." கமலவேணி தாள்களைப் பொறுக்கிக் கொடுத்தாள். "யாரு வந்தாலும் இதே கூத்துதாம்மா. ஒரு படத்துல பொணமா நடிச்சாரு. அதுலேருந்து இந்தப் பெருமை."

கிழவரே கதையைச் சொன்னார். ஊரில் ஒரு துணி மில் மூடிக் கிடந்த பதினெட்டு நாளில், அதன் கொட்டகைக்குள்ளேயே எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். தூக்கில் தொங்கிய கொள்ளைக்காரனுக்கு ஒரு டாக்டர் கரண்ட் கொடுத்து உயிர் கொண்டுவருகிறார். எழுந்தவன் ஜட்ஜைத் தேடிப் போகிறான். சோடா பாட்டில்களும் ஒரு டியூப்லைட் சோக்கும்தான் ஆய்வுக்கூடம். ஃபிலிம் வீணாகும் என்று எல்லாக் காட்சியும் ஒரே டேக். இமைத்தால் சம்பளம் கிடையாது.

கார்குழலிக்கு மறுபடி உறுத்தியது. பட்டாளத்தில் இருந்தவர் இங்கே எப்படி நடித்தார்?

"லீவுல வந்தப்பம்மா," என்றாள் கமலவேணி. அதற்கும் பதில் தயாராக இருந்தது.

"அந்தப் படம் இருக்கா?"

இருந்தது. யாரோ இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். கமலவேணி கைப்பேசியை நீட்டினாள். மழை பெய்வது போன்ற கோடுகளுக்கு நடுவே ஓர் இளைஞன் மேசைமேல் கிடந்தான். கார்குழலி படத்தை நிறுத்தி, முகத்தைப் பெரிதாக்கினாள். இடது காதின் மடல் இரண்டாகக் கிழிந்திருந்தது. கிழவரின் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். அதே காது, அதே கிழிசல். மோவாயில் இருந்த மச்சம்கூட அதே இடத்தில்.

பொய் இல்லை. பல மாதங்களுக்குப் பிறகு ஒரு மனிதர் சொன்னது அப்படியே உண்மையாக இருந்தது. அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது. இத்தனை சந்தேகப்பட்டதற்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

அவருக்குக் கையெழுத்துப் போட வராது என்று கமலவேணி சொன்னதால் கட்டைவிரல் ரேகை வாங்கினாள். 'நேரில் கண்டேன், உயிருடன் உள்ளார்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். கீழே இன்னும் கவிழ்ந்து கிடந்த போட்டோவை எடுத்து, திருப்பாமல் அப்படியே சான்றின் பின்னால் வைத்துப் பின் அடித்தாள். அங்கேயே சான்றைக் கைப்பேசியில் படம் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்பினாள். இந்தத் தடவை, கமலவேணி கொடுத்த மோரைச் சந்தோஷமாகக் குடித்தாள்.

வாசலில் ஹெல்மெட்டை மாட்டும்போது ஜன்னல் வழியே கமலவேணியின் குரல் கேட்டது. களைத்துப்போன, சிரிப்பும் அழுகையும் கலந்த குரல்.

"எங்க வீட்டுக்காரரு நெஜமா செத்துக் கெடந்தப்பகூட இவ்ளோ தத்ரூபமா இல்ல அண்ணே."