எட்டாத கிளை

"அடுத்த வாரம் நீ கிண்டர்கார்டன் போறவ. தம்பி வேற பொறந்தாச்சு. அக்காவே வாயில ரப்பர் சூப்பானோட திரிஞ்சா அவன் என்ன கத்துக்குவான்?"

எங்கள் மூன்று வயது மகள் வில்மாவுக்கு என் கணவர் யெப்பே தினமும் செய்யும் பிரசங்கம் இது.

"அது இல்லாம அழுகை வந்தா?" என்றாள் வில்மா.

"ரெண்டு நாளைக்கு வரும். அப்புறம் பழகிடும் செல்லம். பெரியவங்க யாராவது வாயில எதையாவது வச்சுக்கிட்டு அலையறாங்களா?"

வில்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குப் போனோம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சூப்பானைக் கட்டித் தொங்கவிட்டு விடைகொடுக்கும் மரம் அங்கேதான் இருக்கிறது. வில்மா ஒரு துணிப்பையைத் தானே முடிந்து கொண்டுவந்து நீட்டினாள். யெப்பே மரமேறி உச்சிக் கிளையில் அதைக் கட்டினார்.

"இனிமே யாருக்கும் எட்டாது!"

மகள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினார் மனிதர். ஏதோ இவரே விட்டொழித்த மாதிரி அப்படி ஒரு பெருமை.

வீட்டுக்கு வந்ததும் சட்டைப் பை, சோபா இடுக்கு எல்லாவற்றையும் துழாவ ஆரம்பித்தார்.

"என் நிக்கோட்டின் டப்பா எங்க?"

அதிலிருக்கும் குட்டிப் பொட்டலத்தை உதட்டுக்குள் அதக்காமல் அவரால் அரைமணி நேரம் இருக்க முடியாது.

வில்மா வாயிலிருந்த சூப்பானைக் கையில் எடுத்தாள்.

"மரத்துல இருக்குப்பா."

யெப்பே பொத்தென்று சோபாவில் உட்கார்ந்தார். அவளும் ஏறி உட்கார்ந்து அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"ரெண்டு நாளைக்கு அழுகை வரும். அப்புறம் பழகிடும் செல்லம்."