பத்தடி கேட்ட மனு

பூந்தமல்லியைத் தாண்டிய ஊராட்சியொன்றில் கிராம சபை நடக்கிறது. ஷாமியானா ஓட்டை வழியே லூர்தம்மாளின் மடியில் இட்லி அளவுக்கு வெயில் விழுந்து கிடக்கிறது. மழைநீர்க் கால்வாய்க்காக அவளுடைய டிபன் கடைக்கு நடுவே சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள். கோடு மூன்றடி நகர்ந்தால் அடுப்பு பிழைக்கும். மூன்று வேண்டுமென்றால் பத்தில்தானே பேச்சை ஆரம்பிக்க வேண்டும். மனுவில் பத்து என்றே எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஊராட்சிச் செயலர் மைக்கைத் தட்டிவிட்டு வாசிக்கிறார்: “மனுவை ஏற்று, கால்வாயைச் சிவப்புக் கோட்டிலிருந்து பத்தடி தள்ளி வெட்டத் தீர்மானிக்கப்படுகிறது.” கைகள் உயர்கின்றன, வளையல்கள் குலுங்குகின்றன. பழக்க தோஷம், லூர்தம்மாள் எழுந்துவிடுகிறாள். “உனுக்கும் வேணாம், எனுக்கும் வேணாம் நைனா, அஞ்சா குட்த்துடு.” பக்கத்து நாகம்மாள் அவள் முந்தானையைப் பிடித்து இழுக்கிறாள். “குந்துக்கா, பத்தும் குட்த்துட்டாங்க.” அந்த ஐந்து செயலரின் காதுக்குப் போய்ச் சேர்வதற்குள் லூர்தம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். வெயில் மறுபடி அவள் மடியில்.