திரையில் நெருங்கிய புள்ளி

ரெஜினா தன் சின்ன விமானத்தைத் தரையிறக்க வந்துகொண்டிருந்தாள்.

"வலப்பக்கமா ஒரு விமானம் நம்மை நோக்கி வருது," என்றது அவள் முன்னிருந்த திரை.

"அங்கே மேகம்தான் இருக்கு," என்றது முன்கண்ணாடி. "விமானம் வந்தா எனக்குத் தெரியாதா?"

ரெஜினா கண்ணாடி வழியே வானம் முழுக்கத் தேடினாள். ஒன்றும் தென்படவில்லை. திரையிலோ அந்த விமானத்தைக் காட்டிய புள்ளி நெருங்கிக்கொண்டே வந்தது.

"எல்லா இடமும் வேண்டாம். அந்த மேகத்தோட ஓரத்தை மட்டும் பாரு," என்று திரை கண்ணாடியிடம் கெஞ்சியது.

கண்ணாடி பார்த்தது. மேகத்தில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொட்டுக்கு இறக்கைகள் இருந்தன.

"ரெஜினா, அதோ வருது."

அவள் சட்டென்று விமானத்தைத் திருப்பினாள். மற்றது உறுமியபடி பக்கத்தில் கடந்துபோனது. அவள் மறுபடி தரையிறங்கும் பாதைக்கு வந்தாள்.

கண்ணாடி தணிந்த குரலில் கேட்டது: "வேற யாராவது வர்றாங்களா?"

"எனக்கு யாரும் தெரியல," என்றது திரை. "நீயும் ஒருதரம் பாரேன்."