சத்தப் பெட்டி

சத்தப் பெட்டியைப் போடவேயில்லை என்பது வினாயகமூர்த்திக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு அவனை நம்பிக் கொடுத்திருந்த ஒரே வேலை அந்தச் சுவிட்ச். அதையும் பிளேன்டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டிருந்தான்.

பெட்டியைப் போட்டால் புதைத்த கேபிள் வழியே ஒரு சத்தம் ஓடும். காதுக்கருவியை மாட்டிக்கொண்டு அதன்மேல் நடப்பவருக்குச் சத்தம் நிற்கும் இடமே கேபிள் அறுந்த இடம்.

தொண்ணூறாம் ஆண்டு. ஷெல் விழுந்து கேபிள் அறுந்ததில் ஆசுப்பத்திரியில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டரில் டீசல் அடிமட்டம். உள்ளே ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு ஒப்பரேஷன். கேபிள் பழுது பார்க்கும் பஸ்தியாம்பிள்ளை காதுக்கருவியை மாட்டிக்கொண்டு வாவிக்கரையோரம் வளைந்து வளைந்து நடந்தார். பூவரசடியில் நின்று, "இஞ்ச வெட்டுங்க" என்றார். இரண்டடி ஆழத்தில் கருகிய முனை கிடந்தது. பொருத்தி முடித்ததும் ஆசுப்பத்திரி வெளிச்சமானது, பிள்ளையும் அழுதது. கடவுள் இந்த மனிசனுக்குக் காதைத் தனியாக உட்கார்ந்து செய்திருக்க வேண்டும் என்று வினாயகமூர்த்தி நினைத்தான்.

பிறகுதான் சுவிட்சைப் பார்த்தான்.

"அண்ண, பெட்டிய நான் போடவேயில்ல. அப்ப என்னத்தக் கேட்டு நடந்தீங்க?"

"உன்ர வயித்து இரைச்சல."

"பகிடி வேணாம் அண்ண."

பஸ்தியாம்பிள்ளை காதுக்கருவியைக் கழற்றித் துடைத்தார்.

"மண்ணுக்கடியில ஒராள் நடந்து போற சத்தம், தம்பி. அவர் நிண்ட இடத்தில நானும் நிண்டன்."